19 நாள் குழந்தை, பிறந்த எடைக்கே இன்னும் வரவில்லை. பவுடர் பால் டப்பாவைத் திறக்கட்டுமா?

விடியாத_இரவு | இரவு 11.42

வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை. ஒரு கையில் குழந்தை, மறு கையில் போன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெண் குழந்தை, சிசேரியன். பிறந்தபோது 3.05 கிலோ. நான்காம் நாள் வீட்டுக்கு வரும்போது 2.79. "எல்லாக் குழந்தையும் கொஞ்சம் இறங்கித்தான் ஏறும்" என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். இன்று 19ஆம் நாள், 2.86. டாக்டர் எடை மெஷினையும் ஃபைலையும் மாறி மாறிப் பார்த்தார். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், ஆனால் ஒவ்வொரு முறை கொடுத்த பிறகும் 30 மில்லி பவுடர் பால் கொடுங்கள், ஒரு வாரம் கழித்து எடை பார்க்கலாம் என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் மடியிலேயே இருக்கிறாள். ஐந்து நிமிடம் குடிப்பாள், கண் சொருகிவிடும். எடுத்தால் அழுகை. வலது பக்கம் காம்பு வெடித்து ரத்தம் வருகிறது. அவள் வாயில் பிடிக்கும் அந்த முதல் அரை நிமிடம் கால் விரல்களை மடக்கிக்கொண்டு பல்லைக் கடிக்கிறேன். நேற்று பம்ப் வைத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் சேர்த்து 15 மில்லி.

டப்பா வாங்கி வந்தாகிவிட்டது, திறக்கத்தான் கை வரவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "பால் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கணவர் டாக்டர் சொன்னதைச் செய் என்கிறார். அம்மா இன்னும் நாலு நாள் பார்க்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பவளமல்லி | இரவு 11.58

திறக்காதீர்கள் தோழி! எனக்கும் இதே கதைதான். புட்டியின் ருசி கண்டுவிட்டால் குழந்தை மார்பைத் திரும்பிப் பார்க்காது. அது குடிக்காவிட்டால் உங்களுக்குச் சுரக்காது, அப்புறம் முழுக்க டப்பாதான். பம்பில் 15 மில்லி வந்ததை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள், குழந்தை இழுக்கிற மாதிரி மெஷின் இழுக்காது. நான் அழுதுகொண்டே ஒரு மாதம் தாக்குப்பிடித்தேன். என் மகன் பவுடர் பாலைத் தொட்டதே இல்லை.

வார்டு_விளக்கு | இரவு 12.10

பச்சிளம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். இரண்டே கேள்வி, உடனே பதில் சொல்லுங்கள். நேற்று காலையிலிருந்து இன்று காலை வரை எத்தனை டயப்பர் நனைந்தது? மலம் எத்தனை முறை, என்ன நிறம்?

விடியாத_இரவு | இரவு 12.16

நாலு டயப்பர், அதில் ஒன்று லேசாகத்தான் நனைந்திருந்தது. மலம் முந்தாநாள் ஒரு முறை, கொஞ்சமாக, பச்சை கலந்து. இன்று இல்லை.

வார்டு_விளக்கு | இரவு 12.31

சரி. டப்பாவை இன்றிரவே திறங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

பவளமல்லி சொன்னதில் பாதி சரி. பம்ப் அளவுகோல் ஆகாது. நன்றாகச் சுரக்கிற தாய்க்கும் பம்பில் வராமல் போவதுண்டு. குழந்தை அழுவதை வைத்தும் சொல்ல முடியாது, சாயங்காலம் ஆனால் மணிக்கு இரண்டு முறை பால் கேட்பது பிறந்த குழந்தைகளின் வழக்கம்தான். உள்ளே போவதை அளக்க முடியாதபோது வெளியே வருவதையும் எடையையும்தான் பார்க்க வேண்டும். உங்கள் விஷயத்தில் இரண்டும் ஒரே பதிலைச் சொல்கின்றன.

முதல் சில நாளில் பிறந்த எடையில் 7 சதவீதம் வரை குறைவது சாதாரணம். 10ஐ நெருங்கினால் எங்கள் வார்டில் உட்கார்ந்து பால் கொடுப்பதையே கவனித்துப் பார்ப்போம். உங்கள் மகள் எட்டரை சதவீதம் இறங்கியிருக்கிறாள், அப்போதே யாராவது பார்த்திருக்கலாம். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதம் நாளுக்கு ஏறக்குறைய 20 முதல் 30 கிராம் ஏறும். இவள் 15 நாளில் 70 கிராம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு டயப்பராவது கனமாக நனைய வேண்டும், மலம் மஞ்சளாக நாளுக்கு மூன்று நான்கு முறை போக வேண்டும். தாய்ப்பால் குழந்தை நாள் கணக்கில் மலம் போகாமல் இருப்பது ஒன்றரை மாதத்துக்கு மேல் சகஜம். மூன்றாவது வாரத்தில் அப்படி இருந்தால் வயிற்றுக்குப் போதவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

மடியில் தூங்கிவிடுகிறாள் என்கிறீர்களே, அது வயிறு நிறைந்த தூக்கமாக இருக்காது. குடிக்கத் தெம்பில்லாத தூக்கம். தெம்பு வந்தால் இழுப்பாள், இழுத்தால் உங்களுக்கும் சுரக்கும். 30 மில்லிதான் அந்தத் தெம்பு.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரே போகாவிட்டாலோ, 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தாலோ, உடம்பு சில்லென்று ஆனாலோ, தோலும் கண்ணும் மஞ்சளாகிக்கொண்டே போனாலோ, இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

இரட்டையர்_அப்பா | இரவு 12.50

திறப்பதாக இருந்தால் கலக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பேர், 35 வாரத்தில் பிறந்தவர்கள். ராத்திரி ஷிஃப்ட் முழுக்க என்னுடையது.

கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புட்டி, ரப்பர், மூடி எல்லாம் கழுவி, கொதிநீரில் போட்டு எடுத்தது. பவுடர் பால் கிருமி நீக்கிய பொருள் கிடையாது, எனக்கே இது தாமதமாகத்தான் தெரிந்தது. டப்பாவுக்குள் குரோனோபாக்டர் என்ற கிருமி இருக்க வாய்ப்புண்டு. அபூர்வம்தான், ஆனால் இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் வந்தால் மோசம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்கச் சொல்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, அரை மணி நேரத்துக்கு மேல் விடாமல் கலந்தால் அந்தச் சூடு இருக்கும். சில டப்பாக்களில் ஆறிய தண்ணீர் என்று போட்டிருக்கும், அதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கலந்த பின் புட்டியைக் குழாய்த் தண்ணீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும். மைக்ரோவேவ் வேண்டாம், ஒரு பக்கம் ஆறியும் ஒரு பக்கம் கொதித்தும் இருக்கும்.

தண்ணீர் முதலில், பவுடர் அப்புறம். மாற்றினால் அளவே தப்பு. டப்பாவில் வரும் ஸ்பூனையே பயன்படுத்துங்கள், வேறு கம்பெனி ஸ்பூன் வேறு அளவு. நான் முதல் வாரம் ஸ்பூனால் பவுடரை டப்பா ஓரத்தில் அழுத்தி அழுத்தி எடுத்தேன், பசங்களுக்குச் சத்து சேரட்டும் என்று! இரண்டு பேருக்கும் மலம் கல் மாதிரி ஆனது. டாக்டர் என்னைக் கலந்து காட்டச் சொன்னார், பார்த்தார், ஒரு கத்தியின் முதுகை எடுத்து ஸ்பூன் மேல் ஒரே இழுப்பு. இவ்வளவுதான் என்றார். தண்ணீரைக் கூட்டுவது இன்னும் ஆபத்து. டப்பா நாள்பட வரட்டும் என்று நீர்க்கக் கலந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரை போகும்.

கலந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வாய் வைத்த மீதியைக் கொட்டிவிடுங்கள், மனசு வலித்தாலும்.

விடியாத_இரவு | அதிகாலை 3.27

கொடுத்துவிட்டேன். இரண்டு மணிக்கு. முதலில் இரண்டு பக்கமும் கொடுத்தேன், அப்புறம் புட்டி. கணவர் கத்தி முதுகால் ஸ்பூனை இழுத்தபோது சிரிப்பு வந்துவிட்டது, இரட்டையர் அப்பாவுக்கு நன்றி. இரண்டு வாய் குடித்துவிட்டுக் கண்ணை முழுசாகத் திறந்து என்னைப் பார்த்தாள். 19 நாளில் அப்படிப் பார்த்ததில்லை. முழுவதும் குடித்துவிட்டாள். பிறகு கைகளை விரித்துப்போட்டுத் தூங்கினாள். இதுவரை எப்போதும் முஷ்டியை இறுக்கி வைத்துக்கொண்டுதான் தூங்குவாள்.

அவள் பசியாக இருந்திருக்கிறாள், நான் அவளை ஆட்டி ஆட்டித் தூங்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

கால்_தூக்கம் | அதிகாலை 3.40

முழித்திருக்கிறேன், இங்கேயும் ஒன்று மடியில். இந்த "நான் பட்டினி போட்டுவிட்டேனே" எனக்கும் வந்தது. போடவில்லை. 19 நாள் மணிக்கணக்காக மடியில் வைத்திருந்தீர்கள். குறை எங்கே என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பவளமல்லி | காலை 7.15

குழந்தை தூங்கியது நல்லது. ஆனாலும் என் பயம் அப்படியே இருக்கிறது. 30 மில்லி 60 ஆகும், 60 தொண்ணூறு ஆகும். டப்பா கம்பெனிகளுக்கு வேண்டியதும் அதுதானே.

வார்டு_விளக்கு | காலை 8.05

கம்பெனிகள் பற்றிச் சொன்னதில் உங்களோடு சண்டையே இல்லை. தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்களை விற்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று 1981இல் உலக சுகாதார சபை தனி விதிமுறையே கொண்டுவந்தது. விளம்பரம், இலவச சாம்பிள் இரண்டுமே கூடாது என்கிற அந்த விதிக்கு நியாயமான காரணம் உண்டு. டாக்டர் எடை பார்த்து அளவோடு எழுதிக் கொடுப்பது வேறு கதை.

சுரப்பு குறையும் என்ற பயமும் பொய்யில்லை. மார்பு காலியாகக் காலியாகத்தான் அடுத்த பால் ஊறும். நிறைந்தே கிடந்தால் உடம்பு போதும் என்று உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே விடியாத_இரவு, முதலில் மார்பு, பிறகுதான் புட்டி. புட்டி கொடுத்த பின் இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து நிமிடம் பம்ப், நாளுக்கு எட்டு முறை வரை. இரவில் ஒரு முறையாவது விட்டுவிடாதீர்கள், பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் அதிகம். பம்பில் வருவது எத்தனை சொட்டானாலும் அடுத்த வேளை அதை முதலில் கொடுங்கள். அதுபோக மீதிக்குத்தான் பவுடர்.

மூன்று_பிள்ளைக்காரி | காலை 9.20

எல்லோரும் பாலைப் பற்றியே பேசுகிறீர்கள். காம்பு வெடித்து ரத்தம் வருகிறது என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறாரே, அதை யாரும் பார்க்கவில்லையா? சிக்கல் அங்கேதான் என்பது என் கணிப்பு. முதல் சில நாள் கூச்சம் இருக்கும், மூன்றாம் வாரத்தில் பல்லைக் கடிக்கிற வலி இருந்தால் குழந்தை சரியாகப் பிடிக்கவில்லை. நுனியை மட்டும் கவ்விக்கொண்டு சப்பினால் தாய்க்குப் புண், குழந்தைக்குப் பட்டினி.

குடித்து முடித்து வாயிலிருந்து எடுத்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருக்கிறதா, புது லிப்ஸ்டிக் மாதிரி ஒரு பக்கம் சரிந்து சப்பையாக இருக்கிறதா?

விடியாத_இரவு | காலை 9.48

லிப்ஸ்டிக்!! அப்படியேதான். இப்போதுதான் பார்த்தேன். நுனியில் வெள்ளைக் கோடு வேறு.

மூன்று_பிள்ளைக்காரி | காலை 10.30

நினைத்தேன். என் இரண்டாவது பெண்ணுக்கும் அப்படித்தான்.

நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். அவள் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். தலையை மட்டும் திருப்பிக் குடிக்க யாராலும் முடியாது, நீங்கள் கழுத்தைத் திருப்பி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துப் பாருங்கள். தையல் வலித்தால் அக்குளுக்குக் கீழே, கைப்பையை இடுக்கிக்கொள்கிற மாதிரி, கால் பின்னால் போகும்படி பிடிக்கலாம். காம்பை அவள் வாய்க்கு நேராக வைக்காமல் மூக்குக்கு நேராக வையுங்கள். மேலுதட்டில் லேசாக உரசுங்கள். கொட்டாவி விடுகிற அளவுக்கு வாய் திறக்கும் வரை காத்திருங்கள். அரைகுறையாகத் திறந்தபோது திணித்தால் அதே நுனிதான் மாட்டும். திறந்ததும் தோளுக்குப் பின்னால் கை கொடுத்து அவளை உங்களிடம் கொண்டு வாருங்கள். மார்பைக் குழந்தையிடம் கொண்டு போய்க் குனிந்தால் முதுகும் போய்விடும், பிடிப்பும் போய்விடும். தாடை மார்பில் அழுந்தியிருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும், கருவட்டம் மேலே கொஞ்சம் தெரியும், கீழே அவ்வளவாகத் தெரியாது. வலித்தால் சுண்டு விரலை வாயோரத்தில் விட்டு விடுவித்து மறுபடி ஆரம்பியுங்கள்.

அப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். முதலில் சட்சட்டென்று சப்புவாள். பால் இறங்கியதும் வேகம் குறைந்து, தாடை ஆழமாக இறங்கி, ஒரு சின்ன இடைவெளி விட்டு "க்க்" என்று விழுங்கும் சத்தம் வரும். அந்தச் சத்தம் நின்று வெறும் சப்பல் ஆனதும் மார்பைக் கையால் மெதுவாக அழுத்துங்கள், மறுபடி விழுங்குவாள். அதுவும் நின்றால் மறுபக்கம். முக்கால் மணி நேரம் வாயில் இருந்தது கணக்கே இல்லை, எத்தனை முறை விழுங்கினாள் என்பதுதான் கணக்கு.

இதற்கும் மசியாவிட்டால் நாக்கின் அடியில் ஒட்டு இருக்கிறதா என்று தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். ஒட்டு இருந்தாலே வெட்ட வேண்டும் என்றில்லை.

இரட்டையர்_அப்பா | காலை 11.02

புட்டிக்கும் ஒரு பிடி இருக்கிறது. படுக்க வைத்துத் தலைகீழாகக் கவிழ்த்தால் பால் தானாகக் கொட்டும், மார்பில் உழைக்க வேண்டியிருப்பதால் பிறகு அங்கே கோபம் வரும். பவளமல்லி பயப்படுவது இதற்குத்தான். ஓட்டம் குறைந்த ரப்பர் போடுங்கள். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்த மாதிரி பிடித்து, புட்டியைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். நாலைந்து வாய்க்கு ஒரு முறை தாழ்த்தி மூச்சு விட விடுங்கள். 30 மில்லிக்குப் பத்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும். போதும் என்று முகத்தைத் திருப்பினால் மீதியைத் திணிக்காதீர்கள்.

பவளமல்லி | காலை 11.20

இது எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கிறது.

விடியாத_இரவு | மாலை 5.10

நேற்று இரவிலிருந்து ஆறு டயப்பர்! மலமும் போய்விட்டாள், மஞ்சளாக, முதுகு வரைக்கும். கணவர் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார், கேவலமாக இருக்கிறது.

ஒரு கேள்வி. விக்கல் நிறைய வருகிறது, வெயிலாகவும் இருக்கிறது. ஒரு ஸ்பூன் வெந்நீர் ஆற்றிக் கொடுக்கலாமே என்கிறார் பெரியம்மா.

வார்டு_விளக்கு | மாலை 5.25

வேண்டாம். ஆறு மாதம் வரை தண்ணீர் கிடையாது. பாலில் இருக்கும் நீரே போதும், வெயிலிலும். அந்த ஒரு ஸ்பூன் வயிற்றில் பாலுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விக்கல் தானாக நிற்கும். தேனும் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூட வேண்டாம்.

கால்_தூக்கம் | இரவு 2.12

மூன்று நாளாக யோசித்துவிட்டு எழுதுகிறேன். மார்பு, புட்டி, பம்ப் என்று சுற்றிச் சுற்றி வருகிறீர்கள் அல்லவா, இது ஓரிரு வாரத்துக்குத்தான் தாங்கும். நான் பதினோரு வாரம் செய்தேன். எனக்கு பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை), தைராய்டும் உண்டு. கர்ப்பத்தில் மார்பு பெரிதாகவே இல்லை, அது சுரப்பு குறையலாம் என்பதற்கு ஒரு அறிகுறி என்று யாரும் சொல்லவில்லை. பம்ப் செய்து முடித்துக் கழுவி வைப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். ஒரு நாள் பம்ப் மோட்டார் சத்தத்தில் என் பெயரைக் கூப்பிடுகிற மாதிரி கேட்டது. கேலி இல்லை, நிஜம்.

பெரும்பாலான பெண்களுக்குப் பிடிப்பு சரியானால் சுரப்பும் சரியாகும். சிலருக்கு என்ன செய்தாலும் முழுசாக வராது. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனவர்கள், மார்பில் ஆபரேஷன் செய்தவர்கள், நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கியவர்கள், சுரப்பித் திசுவே குறைவாக இருப்பவர்கள். சொட்டு மருந்து, மாத்திரை, பொடி எதையும் டாக்டரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். காரணம் தெரிய ஒரு ரத்தப் பரிசோதனை மட்டும் கேட்டு வாங்குங்கள். முடிவு தேதி ஒன்றைக் காலண்டரில் குறித்துக்கொண்டு இந்தச் சுற்றில் இறங்குங்கள். அந்தத் தேதியில் எடையையும் உங்கள் நிலையையும் இரண்டையும் பாருங்கள்.

நடைவண்டி | காலை 6.40

நான் ஏழாம் வாரத்தில் முழுக்க நிறுத்தியவள். குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரம் நெருங்கினாலே நெஞ்சு படபடக்கும், அவன் அழுதால் வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்வி உள்ள தாள் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். நிரப்பி முடித்தபோது எனக்கே தெரிந்துவிட்டது. சிகிச்சை எடுத்தேன். மாத்திரைக்காக நிறுத்த வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னார், பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடியவை உண்டு. ஆனாலும் நிறுத்தினேன். எனக்குத் தூக்கம் வேண்டியிருந்தது.

நிறுத்துகிறவர்கள் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். சில நாளுக்கு ஒரு வேளையாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் பால் கட்டிக்கொண்டு கல்லாகும். எனக்குக் காய்ச்சலோடு வந்தது. போட்டு அழுத்திப் பிசைந்துவிட்டார்கள், இன்னும் வீங்கியது. இப்போது அழுத்திப் பிசையக் கூடாது, குளிர்ந்த ஒத்தடம் போதும் என்கிறார்கள்.

பவளமல்லி | காலை 7.30

நடைவண்டி, நான் அழுதுகொண்டே தாக்குப்பிடித்தேன் என்று எழுதினேன் அல்லவா. அந்த ஒரு மாதம் என் மகன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவே இல்லை. போட்டோ பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

விடியாத_இரவு | 26ஆம் நாள், மதியம் 1.05

3.12 கிலோ!! ஒரு வாரத்தில் 260 கிராம். டாக்டர் இரண்டு முறை நிறுத்துப் பார்த்தார்.

தாய்ப்பால் ஆலோசகர் ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிடிப்பைச் சரி செய்தார். மூன்று பிள்ளைக்காரி எழுதியதையே கையால் காட்டினார், அவ்வளவுதான். இடது பக்கம் இப்போது வலியே இல்லை. வலது பக்கம் புண் ஆறிக்கொண்டிருக்கிறது. "க்க்" சத்தம் கேட்கிறது. பகலில் இரண்டு வேளை பவுடரைக் குறைத்துப் பார்க்கச் சொன்னார்கள். டயப்பர் குறைந்தால் திரும்பக் கூட்ட வேண்டும்.

விடியாத_இரவு | 47ஆம் நாள், இரவு 9.50

இப்போது எப்படி என்று யாரோ கேட்டிருந்தீர்கள். முழுத் தாய்ப்பாலுக்கு வரவில்லை. ராத்திரி ஒரு புட்டி, சாயங்காலம் ஒரு புட்டி, மற்றதெல்லாம் நான். ராத்திரி புட்டியை அவர் கொடுக்கிறார், அந்த நாலு மணி நேரம் நான் தூங்குகிறேன். காலண்டரில் குறித்த தேதி போன வாரம் வந்தது. பம்பைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். சாயங்காலப் புட்டி போகுமா என்று தெரியவில்லை. போகாவிட்டாலும் பரவாயில்லை என்று நேற்றுத் தோன்றியது, இன்று காலை தோன்றவில்லை. மாறி மாறி வருகிறது.

புதுப்புல் | இரவு 11.30

மன்னிக்கவும், இந்த இழையிலேயே கேட்கிறேன். என் மகனுக்கு இன்று 12ஆம் நாள். நாள் முழுக்க அழுகை. என் பால் போதவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். பவுடர் ஆரம்பித்துவிடலாமா?

விடியாத_இரவு | இரவு 11.34

முழித்துத்தான் இருக்கிறேன். நேற்றிலிருந்து எத்தனை டயப்பர்? பிறந்தபோது எவ்வளவு எடை, கடைசியாக நிறுத்தபோது எவ்வளவு?